நாற்பத்து மூன்றாம் நாள்

நேற்று ஸ்டான்லியில் தாடைக்கம்பியை வெட்டி எடுத்தார்கள்.
"மொதல்ல கொழகொழன்னு ஏதாச்சும் குடுங்க"
என்றார் டாக்டரம்மா.

கொழகொழவா?
நாற்பத்திரண்டு நாள் அதைத்தானே உறிஞ்சினாள் ஜெசிந்தா,
பல்லிடுக்கில் ஸ்ட்ராவைச் செருகிக்கொண்டு.
கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர்,
ஒருநாள் அவளே கேட்டாளென்று
மிக்ஸியில் அரைத்த வஞ்சிரம்.
(அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.)

காசிமேட்டில் ஐஸ் உடைப்பவன் நான்.
விடிகாலை மூன்று மணிக்குப் பாரைத் தூக்கி
மெஷின் வாயில் தள்ளினால்
கடகடவென்று நொறுங்குமே
அந்தச் சத்தம்தான் எனக்குச் சம்பளம்.
வீட்டில் மட்டும் அது இல்லாமலே போயிற்று.
முறுக்கு வாங்குவதை நிறுத்தினேன்.
அப்பளத்தைக் குழம்பில் ஊறவைத்துத் தின்றேன்,
அவள் காதில் விழாமலிருக்க.

பேச முடியாத நாட்களில்
கம்பெனிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டுவாள்.
ஃபேனைக் குறை. தலைகாணி. பாலுக்குக் காசு.
ஒன்றில் மட்டும் பென்சில் அழுந்த அழுந்த:
கடக் முடக்குனு ஏதாச்சும்.
சட்டைப் பையிலேயே கிடந்தது அது,
இரண்டு தடவை துவைத்தும் அழியாமல்.

சிலிண்டர் தீர்ந்திருந்தது. நல்லதாகப் போயிற்று,
வைகாசி வெயிலில் அடுப்படியில் யார் நிற்பது?
ராத்திரியே தயிரை வேட்டித்துணியில் முடிந்து
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.
சொட்டுச் சொட்டாய்ப் புளித்தண்ணீர் வடிந்து
காலையில் துணிக்குள் சுண்ணாம்பு மாதிரி உட்கார்ந்திருந்தது.
டின் பாலில் எலுமிச்சை பிழிந்தேன்.
பால் ஒரு கணம் திகைத்து, பிறகு
கரண்டியை விட மறுத்தது.
இரண்டையும் ஒன்றாக அடித்தால்
இனிப்பா புளிப்பா என்று நாக்கே குழம்பும்.

கிளிமூக்கு மாங்காயைப் பொடிப்பொடியாய் அரிந்து
கடற்கரை வண்டிக்காரன் போல உப்பு, மிளகாய்த்தூள்.
மாரி பிஸ்கட்டைப் பூரிக்கட்டையால்
மெதுவாக, மெதுவாக
(எதையும் மெதுவாக உடைத்து எனக்குப் பழக்கமில்லை)
தட்டினேன். கடலை மிட்டாயை மட்டும்
பல்லுக்குத் தெரிகிற அளவில் விட்டேன்.
வெண்ணெய் போட்டுப் பிசைந்தால் ஈரம் ஏறாது.

டம்ளரில் அடுக்கினேன்.
அடியில் மொறுமொறு. நடுவில் மாங்காய். மேலே வெள்ளை.
ஆஸ்பத்திரி சொன்னபடி
மிருதுவில் தொடங்கி, நாலைந்து வாய் கழித்து
அவள் இறங்கி வரட்டும் என்பது என் கணக்கு.

மாடி ஷம்ஷாத் அக்கா ஃப்ரிட்ஜ் இரண்டு வாரமாய் பீரோ.
ஆகவே மீன் பெட்டி.
புளி போட்டு மூன்று முறை கழுவியும்
தெர்மாகோல் ஷீலாவை மறக்கவில்லை.
பொடி ஐஸ் கொட்டி, டம்ளர்களுக்குத் தட்டு மூடி,
கைப்பிடி கல்லுப்பை வாரித் தூவினேன்.
உப்புப் பட்டால் ஐஸுக்கு இன்னும் வீம்பு ஏறும்.

மூன்று மணி நேரம்.
அவள் கட்டிலில் உட்கார்ந்து
தாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்,
வீட்டுக்கு வந்த ஆள் இருக்கிறாரா
போய்விட்டாரா என்பது போல.

டம்ளரை வாங்கினாள். மேலே பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
ஸ்பூனை ஒரே குத்து, அடி வரைக்கும்.
"ஏய், மொல்ல..."

நறுக்.

கண்ணில் தண்ணீர் முட்டியது. வலியா, மிளகாயா?
மெல்லுவதை நிறுத்தினாள்.
நான் மூச்சை நிறுத்தினேன்.
வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றி
விழுங்கினாள்.

"உப்பு தூக்கல்" என்றாள்.

பெட்டித் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கும்.
தட்டு சரியாக மூடவில்லை போல.
சொல்ல வாயெடுத்தேன், கேட்கவில்லை அவளுக்கு.
அவள் தலைக்குள் வேறு சத்தம்.